துண்டுப் பங்கு ஆப்பில் பணம் போடுகிறீர்களா? வெளியே வரும் வழியை முதலில் கேளுங்கள்

நான் மாட்டிக்கொண்ட ஆப்பின் பெயர் வேண்டாம், கொடுத்த புகார் இன்னும் முடியவில்லை. "கமிஷன் பூஜ்யம், கையில் இருக்கிற சில்லறையே போதும், உலகின் பெரிய கம்பெனிகளில் நீங்களும் பங்குதாரர்" என்று விளம்பரம் போடும் ரகம். முழுப் பங்கு வாங்கப் பணம் போதாதவர்களுக்கு 0.05 பங்கு, 0.2 பங்கு என்று துண்டு போட்டு விற்பார்கள். ஃபிராக்‌ஷனல் ஷேர் என்பது இதுதான். யோசனையில் ஒரு குறையும் இல்லை, என் சண்டை அதை எனக்கு விற்ற விதத்தோடு.

கமிஷன் பூஜ்யம் என்றது பொய்யில்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் தரகு என்று எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் "சேவைக் கட்டணம்" என்று மாதாமாதம் ஒரு தொகை போய்க்கொண்டே இருந்தது. நான் மாதம் 50 போட்டேன், அவர்கள் 3 எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் அதுதான். அதாவது 6 விழுக்காடு. மியூச்சுவல் ஃபண்டில் 2 விழுக்காடு செலவு என்றாலே நாம் போடுகிற சத்தம் கொஞ்சமா? வருடக் கணக்கு இன்னும் மோசம். போட்டது 600, கட்டணம் 36. சந்தை அந்த வருடம் 10 விழுக்காடு ஏறினால்கூட, மாதாமாதம் போடும் பணம் சராசரியாக அரை வருடம்தான் உள்ளே இருக்கும் என்பதால் லாபம் 32, 33-க்கு மேல் வராது. லாபம் முழுக்க அவர்களுக்கு, போதாததற்கு முதலிலும் ஒரு கடி. பெரிய தொகை வைத்திருப்பவருக்கு இந்த 3 எல்லாம் தூசு, சிறுகச் சேர்ப்பவருக்குத்தான் அடி. விளம்பரம் கூப்பிடுவதும் சிறுகச் சேர்ப்பவரைத்தான்.

இது புது வித்தையும் இல்லை. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே பங்கு யானை விலை விற்றபோது, அதை வாங்கி வைத்துக்கொண்டு சின்ன முதலீட்டாளர்களுக்குக் கட்டணத்தோடு கூறு போட்டு விற்கச் சில டிரஸ்ட்கள் கிளம்பின. அதைத் தடுக்கத்தான் அவர் 1996-ல் பி வகுப்புப் பங்கு என்று முப்பதில் ஒரு பங்கு மதிப்பில் தனியாக ஒன்றைக் கொண்டுவந்தார்.

அப்புறம் விலை. திரையில் ஒரு விலை பார்த்து "வாங்கு" என்று அழுத்துவேன், வேறொரு விலையில் வாங்கியிருப்பார்கள். துண்டு ஆர்டர்களை எல்லாம் சேர்த்து வைத்து நாளில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மொத்தமாகப் போடுவார்களாம், இன்ன விலைக்கு மேல் வேண்டாம் என்று லிமிட் வைக்கவும் வழியில்லை. வெளிநாட்டுப் பங்கு என்றால் நாணயம் மாற்றும்போது வங்கி விகிதத்தைவிட மட்டமான விகிதம் போட்டு அதிலும் ஒரு கை பார்த்தார்கள். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாமல் போனது வெளியேறும்போது. வேறு தரகரிடம் கணக்கை மாற்றிக்கொள்ள விண்ணப்பம் போட்டேன். ஒரு கம்பெனியில் என்னிடம் இருந்தது 2.4187 பங்கு. மாற்றும் பக்கத்தைத் திறந்தால் "மாற்றப்படுவது: 2, விற்கப்படுவது: 0.4187" என்று வந்து நின்றது. ஒரு முழுப் பங்குகூடச் சேராத கம்பெனிகளுக்கு நேராக "மாற்றப்படுவது: 0". அதாவது எல்லாக் கம்பெனியும் சேர்த்து என்னிடம் இருந்ததில் பாதிக்கு மேல் கட்டாய விற்பனை, அவர்கள் போடும் நேரத்தில், வருகிற விலைக்கு. லாபத்தில் விற்றால் வரி வேறு வரும். அதற்கும் மேலே, மாற்றுகிற ஒவ்வொரு கம்பெனிப் பங்குக்கும் தனித்தனிக் கட்டணம்.

ஆப்பின் உதவி சாட்டில் போய்க் கேட்டேன். "சார், துண்டுப் பங்குகளை வெளியே மாற்ற முடியாது, இது எல்லா இடத்திலும் உள்ள நடைமுறை." சரி, பெரும்பாலும் அது உண்மைதான். அமெரிக்காவில் தரகர் விட்டுத் தரகர் கணக்கு மாற்றும் ஏசிஏடிஎஸ் முறையிலேயே முழுப் பங்குதான் போகும், துண்டு போகாது. அப்படியானால் வாங்கும் பக்கத்தில் அதை ஏன் போடவில்லை? "உங்கள் கருத்தை உரிய குழுவுக்கு அனுப்பியுள்ளோம் சார்." அந்தப் பங்கு உண்மையில் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன், அதற்கும் அதே பதில்தான் ஒட்டப்பட்டது. இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சில இடங்களில் உங்கள் துண்டு தரகரின் மொத்தக் கணக்கில் உங்களுக்காக வைத்திருக்கும் உண்மைப் பங்கு, சில இடங்களில் விலையைப் பின்தொடரும் வெறும் ஒப்பந்தம். இரண்டாவது வகையைத் துண்டுப் பங்கு என்று சொல்லி விற்கக் கூடாது என்று ஐரோப்பியப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்மா 2023-ல் அறிக்கையே விட்டது. கம்பெனி கூட்டத்தில் ஓட்டு உண்டா, பைசாவுக்கும் குறைவாக வரும் டிவிடெண்ட் எங்கே போகிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். பதிலை எழுத்தில் வாங்குங்கள், சாட்டில் சொன்னதை நம்ப வேண்டாம்.

எனக்கு அதிக எரிச்சல் ஃபண்ட் விஷயத்தில்தான். "ஃபண்டிலும் துண்டு வாங்கலாம்" என்று அதைப் பெரிய வசதி போலக் காட்டினார்கள். மியூச்சுவல் ஃபண்டில் யூனிட் எப்போதுமே பின்னத்தில்தான் வரும், கொடுத்த பணத்துக்கு 12.347 யூனிட் என்று கணக்கில் ஏறும், அதற்கு எந்த ஆப்பின் தயவும் வேண்டாம். முழு யூனிட்டாக வாங்க வேண்டிய தொல்லை பங்கு போலவே சந்தையில் வர்த்தகமாகும் ஃபண்டான இடிஎஃப்-க்குத்தான். ஃபண்ட் நிறுவனமே நேரடியாகத் தருவதற்கு நடுவில் உட்கார்ந்து மாதக் கட்டணம் வசூலித்திருக்கிறார்கள், ஃபண்டின் சொந்தச் செலவு தனி.

ஏற்கனவே இப்படி ஒன்றில் மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, சாட்டில் எனக்குச் சொல்லாத வழி. மாற்ற விண்ணப்பிக்கும் முன் குறையை வாங்கி முழுசாக்கிவிடுங்கள். 2.4187 இருந்தால் இன்னும் 0.5813 வாங்கினால் 3, அது அப்படியே போகும். ஆப் பங்கு எண்ணிக்கை கேட்காமல் தொகை மட்டும் கேட்டால் ஒரு சொட்டு கூடுதலாகப் போடுங்கள், மிஞ்சுவது விற்கப்பட்டாலும் நஷ்டம் சில்லறைதான். கம்பெனி வாரியாக மாற்றுக் கட்டணம் இருந்தால், மாற்றுவது லாபமா விற்பது லாபமா என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பாருங்கள். எதைச் செய்வதானாலும் அடுத்த மாதக் கட்டணம் பிடிக்கும் தேதிக்கு முன்பே செய்துவிடுங்கள், கணக்கை மூடிய மாதத்துக்கும் என்னிடம் முழுசாகப் பிடித்தார்கள்.