செயினை இறுக்கும் முன் அளந்து பார்க்கும் பட்டறை

ஆஃப்ரோடு பைக்கைக் கொண்டுபோய் ‘செயின் தொங்குகிறது’ என்று சொன்னால், பெரும்பாலான பட்டறைகளில் பின் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை இரண்டு திருகு திருகி, விரலால் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரிக்கு ஏறும் சாலையின் தொடக்கத்தில், பெயர்ப் பலகைகூட இல்லாமல் ஒருவர் தனியாளாக நடத்திவரும் சிறிய பட்டறை இதற்கு விலக்கு. தளர்ச்சிக்குக் காரணம் தெரியாமல் அவர் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

என் வண்டியில் இருந்தது 520 அளவுள்ள எக்ஸ்-ரிங் செயின் (கண்ணிகளின் மூட்டுகளில் ரப்பர் வளையம் உள்ள வகை). வேறொரு சர்வீஸ் நிலையத்தில் இறுக்கி வாங்கிய பிறகும், எஸ்டேட் மண் தடங்களில் இறங்கும்போது அது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் அடிக்கும் ஓசை நிற்கவில்லை. போதாக்குறைக்கு, மெதுவாகப் போகையில் வண்டி விட்டுவிட்டு இழுக்கவும் தொடங்கியிருந்தது. அவர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஒவ்வொரு முறையும் கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஸ்கேலை வைத்து ஆட்டத்தை அளந்தார். சக்கரம் ஒரு சுற்று வந்தால் போதாது, செயின் முழுவதும் ஒரு சுற்று வர வேண்டும் என்பதால் இதற்கே கணிசமான நேரம் பிடித்தது. ஓரிடத்தில் 50 மி.மீ. ஆடிய செயின், இன்னோர் இடத்தில் 25 மி.மீ.கூட ஆடவில்லை. இறுகியிருந்த பகுதியைப் பின் ஸ்ப்ராக்கெட்டை (பல் சக்கரத்தை) தாண்டி வரவிட்டுக் காட்டினார்: பல்லை விட்டு விலகிய பிறகும் இரண்டு கண்ணிகள் நிமிராமல் மடங்கியே நின்றன, அவற்றின் ரிங்குகளைச் சுற்றிச் செந்துரு படிந்திருந்தது.

செயின் ‘நீள்கிறது’ என்று நாம் சொன்னாலும், உண்மையில் தேய்வது உள்ளே கண்ணிகளை இணைக்கும் ஊசியான பின்னும் (pin), அதைச் சுற்றியுள்ள குழாயான புஷ்ஷும்தான். எக்ஸ்-ரிங் வகையில் கிரீஸ் அந்த இடத்திலேயே அடைக்கப்பட்டிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும், பெட்ரோலில் கழுவுவதும், வாட்டர் சர்வீஸில் கிட்டத்தில் வைத்துப் பீய்ச்சுவதும் ரிங்கைக் கெடுத்து, கிரீஸ் வெளியேறவும் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகவும் வழி செய்கின்றன. அதன் பிறகு வெளியே எவ்வளவு ஸ்பிரே அடித்தாலும் பயனில்லை. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும் என்பது அவர் கருத்து, எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை. தொங்கும் இடத்தைப் பார்த்து முன்பு இறுக்கியதால்தான், இறுகிய பகுதி வரும்போதெல்லாம் சுமை முன் ஸ்ப்ராக்கெட்டின் தண்டிலும் பேரிங்கிலும் ஏறியிருக்கிறது. ஆட்டத்தை எப்போதும் மிக இறுகிய இடத்தில்தான் வைக்க வேண்டும்.

அடுத்து, செயினை இழுத்துப் பிடித்து 21 பின்களுக்கு இடையிலான நீளத்தை அளந்தார். 520 செயினில் கணக்குப்படி அது 317.5 மி.மீ. இருக்க வேண்டும், தயாரிப்பாளரைப் பொறுத்து 319 முதல் 323 மி.மீ. வரை மாற்றும் வரம்பாகச் சொல்வார்கள். என்னுடையது 322-ஐத் தாண்டியிருந்தது. முன் ஸ்ப்ராக்கெட்டின் பற்களும் ஒரு பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருந்ததால், செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றச் சம்மதித்தேன். பின்சக்கரத்தின் ஹப்பில் அதிர்வைத் தாங்கும் கப்ளிங் ரப்பரையும் அசைத்துப் பார்த்து, அது நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்றார். அதையும் சேர்த்து விற்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

என்னை மிகவும் கவர்ந்தது புதிய செயினைப் பொருத்திய முறை. சஸ்பென்ஷன் பயணம் (சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம்) நீளமாக உள்ள வண்டிகளில் முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அசையும் அச்சான பிவட், பின் ஆக்சில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக அதிகமாக இறுகும். ஸ்டாண்டில் நிற்கும்போது சரியாகத் தெரியும் செயின், பள்ளத்தில் விழுந்தால் விறைத்துப்போவது அதனால்தான். அவர் சீட்டின் மேல் பெல்ட் போட்டு, மூன்றும் நேர்கோட்டுக்கு வரும்வரை பின்பக்கத்தை அமுக்கி, அந்த நிலையிலும் கொஞ்சம் ஆட்டம் மிஞ்சுகிறதா என்று உறுதி செய்தார். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை நம்பாமல், பிவட்டிலிருந்து ஆக்சில் வரை இரு பக்கமும் டேப்பால் அளந்து சமன் செய்தார். நட்டை இறுக்கும் முன் செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில் ஸ்க்ரூடிரைவர் பிடியைக் கொடுத்துச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி அழுத்தியதால், ஆக்சில் அட்ஜஸ்டரோடு ஒட்டி நின்றது; இறுக்கும்போது அளவு மாறவில்லை.

குறைகளும் உண்டு. வேலை முடிய அரை நாளுக்கு மேலாகும், உட்கார நிழலான இடமில்லை, பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். கேட்காவிட்டால், செயினின் இரு முனைகளை இணைக்கக் கழற்றக்கூடிய கிளிப் லாக்கையே போட்டுவிடுகிறார். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கும்படி சரியாகவே போடுகிறார் என்றாலும், கல்லிலும் சேற்றிலும் ஓட்டுபவர்கள் அடித்து நிரந்தரமாக இணைக்கும் ரிவெட் லாக் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. அதற்கான கருவி அவரிடம் இருக்கிறது. பொருளின் விலை நீங்கலாகக் கூலி 600 ரூபாய் ஆனது, செய்த வேலைக்கு அது அதிகமில்லை. 428 செயின் செட் இருப்பில் வைத்திருக்கிறார், 520 வேண்டுமென்றால் கோவையிலிருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும்.