12,460 டொலர் போச்சு: சின்னச் சுரங்கக் கம்பனிப் பங்கு வாங்க நினைக்கிறவர்கள் வாசியுங்கள்

எரிச்சலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றிரவு கணக்கைத் திறந்து பார்த்தால், 14,000 டொலர் போட்ட இடத்தில் 1,540 டொலர் நிற்கிறது. 12,460 டொலர் காணவில்லை. களவு என்று பொலிசுக்கும் போக முடியாது, எல்லாம் சட்டப்படி.

பெயர் போடவில்லை. வழக்கு வந்தால் அதற்குக் காசு இல்லை. வட ஒன்ராறியோவில் தங்கம் தேடுகிற, கனடாவின் சின்னக் கம்பனிகளுக்கான ரிஎஸ்எக்ஸ் வென்ச்சர் பங்குச் சந்தையில் சதக்கணக்கில் விலைபோகிற கம்பனி.

மார்ச்சில் ரொறன்ரோவில் நடக்கும் சுரங்க மாநாட்டில் அவர்களுடைய மேசைக்குப் போனேன். வயதான புவியியலாளர் ஒருவர், துளையிட்டு எடுத்த உருளைக் கல்லை என் கையில் வைத்து, தண்ணீர் தெளித்து, லென்ஸையும் தந்தார். வெள்ளைக் கல்லுக்குள் ஊசிமுனை அளவு மஞ்சள். “எங்கள் சொந்தக் காசையும் போட்டிருக்கிறோம்” என்றார். அந்த வசனத்தில்தான் விழுந்தேன். கல் மாதிரியில் பொய்யாகத் தங்கம் காட்டிய பிரி-எக்ஸ் கம்பனி 1997இல் கவிழ்ந்த கதை தெரிந்தவன் என்பதால் கல் பொய்யோ என்று மட்டும்தான் யோசித்தேன். கல் உண்மைதான். காசு திரட்டுகிற கடதாசியை யார் பார்த்தது? 20 சதப்படி 70,000 பங்கு வாங்கினேன்.

அந்தச் ‘சொந்தக் காசு’ பங்குக்கு 5 சதம் என்று பிறகுதான் பழைய அறிக்கைகளில் கண்டேன்.

விலை 16 சதத்துக்கு இறங்கியதும் பிரைவேட் பிளேஸ்மன்ட் அறிவித்தார்கள், அதாவது தெரிந்தெடுத்த சிலருக்குப் புதுப் பங்கு விற்பது. பங்கு 12 சதம். அதோடு மூன்று வருடத்துக்குள் இன்னொரு பங்கை 16 சதத்துக்கு வாங்கும் வாரன்டும் சும்மா. 50 சதம் வரையுள்ள பங்குக்கு 25 வீதம் தள்ளுபடி கொடுக்கச் சந்தை விதியே விடுகிறது. யாராவது கம்பனியையே கைப்பற்றும் அளவுக்கு வாங்கினாலொழிய எங்களிடம் வாக்குக் கேட்கத் தேவையில்லையாம். எடுத்தவர்கள் நாலு மாதம் விற்க முடியாது. அந்த நாலு மாதம் முடிந்த கிழமையே விலை சரிந்தது. பங்கை விற்றுவிட்டு வாரன்டை வைத்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம்.

அப்புறம் இயக்குநர் ஒருவரே கம்பனிக்குக் கடன் கொடுத்து, வட்டியைப் பங்காக எடுத்தார். அதற்குப் பிறகு பத்துப் பங்கை ஒன்றாக்கினார்கள். என் 70,000 இப்போது 7,000. துளையிடும் இயந்திரம் அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் போனது.

முதலீட்டாளர் தொடர்புக்கு ஒரு நம்பர் இருக்கிறது. முதல் தடவை “சந்தை சரியில்லை” என்றார்கள். இரண்டாம் தடவை “தங்கம் விலை ஏறட்டும்”. ஏறிக்கொண்டுதானே இருந்தது! மூன்றாம் தடவை “உங்கள் புரோக்கரிடம் கேளுங்கள்”. ஆண்டுக் கூட்டம் வன்கூவரில், சட்டத்தரணி அலுவலகம் ஒன்றில். ஃபோனில் கேட்டேன். எங்கள் பக்கத்தை மியூட் செய்துவிட்டு பதினொரு நிமிடத்தில் முடித்தார்கள். 12,460 டொலர்! மனுசிக்கு இன்னும் பாதித் தொகைதான் சொல்லியிருக்கிறேன்.

விரிவாக அறிவுரை எழுதத்தான் தொடங்கினேன், இப்போது மனமில்லை. வாங்க முதல், கம்பனிகளின் அறிக்கைகள் கிடைக்கும் செடார் பிளஸ் (SEDAR+) தளத்தில் நிதியறிக்கையை எடுத்து எத்தனை வாரன்ட் நிலுவையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். இயக்குநர்கள் விற்கிறார்களா என்று செடி (SEDI) தளத்தில் பாருங்கள். நாலு மாதப் பூட்டு முடியும் திகதியைக் கலண்டரில் குறியுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கம்பனி மின்னஞ்சல் வந்து விழுகிறது. இன்னொரு பிளேஸ்மன்ட். பங்கு 17 சதம் (பழைய பங்குக் கணக்கில் 1.7 சதம்), வாரன்ட் 22 சதம்.