ஓல்ட்ஸ் அம்பாசடர் டிரம்பெட்: ரெக்கார்டிங்குக்கு எடுக்கலாமா?

அமெரிக்காவின் ஓல்ட்ஸ் நிறுவனம் மாணவர்களுக்காகச் செய்த டிரம்பெட் என்று அம்பாசடரை ஒதுக்குபவர்கள் நல்ல ஒலியை இழக்கிறார்கள். குழாயின் உள்விட்டம் 0.460 அங்குலம். தொழில்முறைக் கலைஞர்கள் கையிலிருக்கும் பாக் ஸ்ட்ராடிவேரியஸ் 37 டிரம்பெட்டுக்கு 0.459. பெல்லில், அதாவது விரிந்த வாயில், தொழிற்சாலை ஊராக லாஸ் ஏஞ்சலிஸ் என்று பொறித்திருந்தால் பழையது, ஃபுல்லர்டன் என்றிருந்தால் 1950-களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. 1979-ல் ஓல்ட்ஸ் மூடப்பட்டுவிட்டதால் இனி கிடைப்பதெல்லாம் பழைய சரக்குதான். நிலைமை நன்றாக இருந்தால் இரு ஊர்த் தயாரிப்பையும் தயங்காமல் எடுக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது வால்வு. வால்வை அழுத்தாமல் அதனோடு இணைந்த வளைகுழாயை (ஸ்லைடு) வெளியே இழுங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்கி வந்தால் வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் தேய்ந்திருக்கலாம். லேசான தேய்மானத்துக்குக் கெட்டியான வால்வு ஆயில் போதும். அதற்கும் அடங்காவிட்டால் பிஸ்டனுக்கு முலாம் பூசித் திரும்பக் கடைய வேண்டும், அந்தச் செலவுக்கு வேறு கருவியே வாங்கிவிடலாம்.

அடுத்து லீட்பைப். மவுத்பீஸ் செருகும் அந்த முதல் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் அவற்றின் நடுவில் கருத்த துளி போன்ற தடங்களும் இருந்தால், பித்தளையிலிருந்து துத்தநாகம் உள்ளிருந்தே அரித்துப் போகிறது என்று பொருள். தேய்த்தால் போகாது, குழாயையே மாற்ற வேண்டும். மேலே பூசிய லாக்கர் (பளபளப்புப் பூச்சு) உரிந்திருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது தோற்றம் மட்டுமே.

உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் வாட்டர் கீயின் கார்க்கையும் பாருங்கள். அது காய்ந்து சுருங்கினால் சில சுரங்கள் மட்டும் காரணமே தெரியாமல் மங்கும். வால்வின் ஃபெல்ட் (மெத்தை போன்ற கம்பளித் துண்டு) இறுகியிருந்தால் இரட்டைக் கெடுதல்: துவாரங்கள் நேர்கோட்டில் சேராது, 'டக் டக்' என்ற சத்தமும் மைக்கில் ஏறும். இரண்டும் மலிவான பாகங்கள். வாங்கியதும் மாற்றிவிடுங்கள். கழுவ வெதுவெதுப்பான நீர் போதும். கொதிநீர் பட்டால் மிஞ்சிய லாக்கரும் உரியும்.

மைக் முன்னால் இந்தக் கருவியின் குணம் தெளிவாகத் தெரியும். நடு ஸ்தாயியில் ஒலி திரண்டு, ஓரம் கூர்மையில்லாமல் வரும். மெதுவாக ஊதினாலும் கலையாது. உச்ச ஸ்தாயியில் முழு பலத்துடன் ஊதும்போது மட்டும் கனமான நவீன டிரம்பெட்டுகளிடம் தோற்றுப்போகும். லீட் (குழுவின் உச்ச ஸ்தாயிப் பகுதி) வாசிக்க இதை எடுக்க வேண்டாம், மெல்லிசைப் பாடலின் இடையிசைக்கு அருமையானது.

ரிப்பன் மைக்கை பெல்லிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மேல் அதிர்வெண்கள் பெல்லின் நேர்கோட்டிலேயே அதிகம் பாய்வதால், இந்தச் சிறு விலகலே காதைக் குத்தும் கூர்மையைக் குறைத்துவிடும். பழைய ரிப்பன் என்றால் பாண்டம் பவரை (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) அணைத்த பிறகே கேபிளைச் செருகுங்கள். கண்டென்சர் மைக் என்றால் ஒலியளவைக் குறைக்கும் பேட் போடுங்கள்.

சுருதிதான் இதில் கவனம் கேட்கும் இடம். 1, 3 வால்வுகளைச் சேர்த்து அழுத்தும் கீழ் ரி சுருதி கூடுதலாக நிற்கும், 1-2-3 இன்னும் அதிகம். மூன்றாம் ஸ்லைடின் வளையத்தைப் பிடித்து நீட்டிச் சரிசெய்ய வேண்டும், எனவே அந்த ஸ்லைடு வெண்ணெய் போல நகர வேண்டும். பெரும்பாலான அம்பாசடர்களில் முதல் ஸ்லைடுக்குப் பிடி இல்லாததால் 1-2 சுரங்களை உதட்டால்தான் இறக்க வேண்டும். ஏசி அறையில் கருவியை வைத்துவிட்டு டேக் கேட்டால் அது குளிர்ந்து சுருதி இறங்கும். உள்ளிருக்கும் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தாலே சுமார் 3 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) போய்விடும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் சத்தமில்லாமல் குழாய்க்குள் மூச்சை ஊதிச் சூடாக்குங்கள்.

ஒரே அம்பாசடரை மூன்று டிராக் அடுக்கி செக்‌ஷன் (பல டிரம்பெட்டுகள் சேர்ந்த குழு ஒலி) உருவாக்கினால் ஒரே அதிர்வுக் குணம் மும்மடங்காகி மூக்கடைத்த ஒலி வரும். இரண்டாம் டிராக்குக்கு மவுத்பீஸை மாற்றுங்கள், மூன்றாவதற்கு முடிந்தால் டிரம்பெட்டின் உறவான கார்னெட் எடுங்கள்.