இபுகி தீவு நெத்திலி: குழம்புக்கு ஆகாது, ரசத்துக்குன்னா விட்டுறாதீங்க

நான் பிறந்தது தொண்டி, வாக்கப்பட்டது மதுரை திருநகர். கருவாட்டை மூக்காலயே எடை போடுவேன். அதனால ஜப்பான்ல ககாவா மாகாணத்துல இருக்குற மக "ஜப்பான் நெத்திலி வாங்கித் தரவாம்மா"ன்னு கேட்டப்ப சிரிச்சுட்டேன். போன ஜூலையில அவ வீட்டுக்குப் போனப்ப, அது வர்ற ஊரையே கூட்டிட்டுப் போய்க் காட்டுனா. சிரிப்பு அடங்குச்சு.

இபுகின்னு சின்னத் தீவு. கான்ஒன்ஜி துறையில இருந்து படகுல 25 நிமிஷம். அன்னைக்குக் கடல் எங்க தொண்டிக் கடல் மாதிரியே அலையில்லாமக் கெடந்துச்சு. கரையோரம் பூரா மீன் அவிக்கிற கொட்டகைக, வீடுகெல்லாம் மேட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. ஏறுறதுக்குள்ள என் முழங்கால் ரெண்டு தடவை மக்கர் பண்ணிருச்சு.

ரெண்டு படகு சேந்து வலை இழுக்குது. இன்னொரு வேகப் படகு, விழுந்த மீனை அப்பப்பக் கரைக்குக் கொண்டாருது. குழாய் வழியா உறிஞ்சி உள்ள எடுத்து, தட்டுல பரப்பி, உப்புத்தண்ணியில அவிச்சு, சூட்டுக்காத்துல காய வைக்கிறாக. கடலுக்கும் கொப்பரைக்கும் நடுவுல அரைமணிக் கணக்குத்தான்னு சொன்னாக. நம்ம பக்கம் வெயிலை நம்பி மணல்ல கொட்டுறோம், அங்க வெயிலுக்கு வேலையே இல்ல. ஜூன்ல தொடங்கி செப்டம்பர் வாக்குல மீன்பாடு முடிஞ்சிருமாம்.

கடைக்கார அம்மா ஒரு மீனை எடுத்து உள்ளங்கையில வச்சுக் காட்டுச்சு. வயிறு கிழியாம, வெள்ளியா மின்னி, வில்லா வளைஞ்சிருக்கணுமாம். பழைய மீனைக் கொதியில போட்டா வளையாதாம். அறுபது வருசம் கருவாடு தின்ன எனக்கு இது தெரியாது.

மேட்டுல ஒரு எடத்துல பிள்ளை பெத்தவுக தங்குற வீடு இருந்துச்சாம், 1970 வரைக்கும். ஒரு மாசம் புருசன் வீட்டுக்குப் போகாம, பச்சப்பிள்ளைகளோட பொம்பளைக மட்டும் சேந்து இருப்பாகளாம். தீட்டுன்னுதான் தள்ளி வச்சிருக்காக, கோவம் வந்துச்சு. ஆனா ஒரு மாசம் வலையும் இல்ல, வீட்டு வேலையும் இல்லன்னு மக சொன்னப்ப, என் பேறுகாலத்துல பதினாறாம் நாளே தண்ணி தூக்குனது ஞாபகத்துக்கு வந்துச்சு. சரி, கருவாட்டுக்கு வர்றேன்.

அரைக்கிலோப் பை, நம்ம காசுக்கு எண்ணூறு ரூவாய்க்குக் கொறையாது. மொத நாளே கத்திரிக்கா, மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வச்சேன். தோல்வி. உப்பு ஏறல, அந்த வீச்சமும் இல்ல. "சட்டியில கருவாடு இருக்கா, இல்ல பேருக்குச் சொன்னியா?"ன்னாரு எங்க வீட்டுக்காரர்.

ஆனா அந்தத் தீவுக்காரவுக அதைக் குழம்புக்குக் காய வைக்கல. மக சொன்ன மாதிரி தலையும் குடலும் கிள்ளி (கிள்ளலைன்னா கசக்கும்), ராத்திரி பச்சத்தண்ணியில ஊறப் போட்டேன். காலையில லேசாக் கொதிக்க விட்டு வடிச்சேன். தங்க நெறத்துல தண்ணி. அந்த ஊரு ஊடோன் நூடுல்ஸுக்கு உசிரே இந்தத் தண்ணிதான். அதுல மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வச்சேன். வீட்டுக்காரர் டம்ளர்ல ரெண்டாவது தடவை கேட்டாரு. ஊறுன மீனைச் சின்ன வெங்காயம், வரமிளகாயோட பெரட்டுனா கம்மங்கூழுக்கு அம்புட்டுப் பொருத்தம்.

குறை ரெண்டு. பையைத் திறந்தா மறுபடி மூட வழியில்ல. மதுரை வெயிலுக்கு மூணே வாரத்துல எண்ணெய் கக்கி மஞ்சளாயிருச்சு, பிரிட்ஜுல வச்சதுதான் தப்பிச்சது. வாங்குறவுக பெரிய மீனாப் பாத்து வாங்குங்க, பொடி மீனு தண்ணிக்கு அம்புட்டுச் சாரம் எறக்காது.

மக பொங்கலுக்கு வர்றா, ரெண்டு பை சொல்லியிருக்கேன். அவளுக்குத் தொண்டி நெத்திலி ஒரு கிலோ கட்டி வச்சாச்சு. நாலு கவர் போட்டும் வாசம் அடங்கல, விமானத்துல பக்கத்து சீட்டுக்காரரு பாவம்.