பாவித்த எஸ்எஸ்டி: ‘ஹெல்த் 100%’ என்று காட்டினால் கொஞ்சம் பொறுங்கள்

யாழ்ப்பாணத்தில் பாவித்த எஸ்எஸ்டி (தரவைச் சிப்பில் சேமிக்கும் கணினி டிரைவ்) பெரும்பாலும் மூன்று வழியில் கைக்கு வருகிறது. பழுதான லப்டொப்பிலிருந்து கழற்றியது, கொழும்பு அலுவலகங்கள் கழித்த கணினிகளிலிருந்து வந்தது, கலியாண வீடியோ எடிற் செய்யும் இடங்களில் பெரியது போட்ட பிறகு விற்றது. முதல் இரண்டையும் தைரியமாகப் பார்க்கலாம். மூன்றாவதில்தான் தேய்மானம் கூட. நாளுக்கு நூறு, இருநூறு ஜிபி எழுதி அழித்த டிரைவுக்கு வெளித்தோற்றத்தில் ஒரு கீறலும் இருக்காது.

விற்பவர் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிறீன்சொட் போதாது. டிரைவை உங்கள் கணினியில் பூட்டி, டிரைவின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்து, திரையில் வரும் தொடர் இலக்கம் லேபிளில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். ரோ வல்யூக்கள், அதாவது டிரைவ் பதிந்து வைத்த மூல எண்கள், ஹெக்ஸில் (பதினாறின் அடியில் எழுதும் எண்) தெரியும். மெனுவில் தசமத்துக்கு மாற்றாவிட்டால் ஒன்றும் விளங்காது.

ஹெல்த் வீதத்தை விட்டுவிட்டு, ஓடிய மணித்தியாலத்தையும் எழுதிய அளவையும் சேர்த்துப் பாருங்கள். 500 ஜிபி டிரைவில் 9,400 மணித்தியாலம், 36 டிபி என்றிருந்தால் மணிக்கு 4 ஜிபி கூட இல்லை. ஒழுங்கான அலுவலகப் பாவனை. 900 மணித்தியாலத்தில் 210 டிபி என்றால் அது வேறு கதை. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு உத்தரவாத எழுத்தளவே 300 டிபி. கிங்ஸ்டன் ஏ400 240 ஜிபிக்கு வெறும் 80. ஆறே மணித்தியாலம், 100% ஹெல்த், ஆனால் பொன் முனைகளில் செருகிக் கழற்றிய கோடுகள் என்றால் கணக்கை அழித்துவிட்டு விற்கிறார்கள். அதைவிட 88% காட்டும் நேர்மையான டிரைவ் மேல்.

என்விஎம்ஈ (வேகமான புதிய இணைப்பு வகை) டிரைவில் எழுதிய அளவு ‘யூனிட்’ கணக்கில் வரும். ஒரு யூனிட் 5,12,000 பைட். இரண்டு கோடி யூனிட் என்றால் 10.24 டிபி. சாட்டாவில் (பழைய இணைப்பு வகை) 241ஆம் வரியைப் பார்க்கலாம், ஆனால் அலகு கம்பனிக்குக் கம்பனி மாறும்.

தேய்மானத்தைவிடப் பயப்பட வேண்டியது பிழை எண்ணிக்கை. என்விஎம்ஈயில் மீடியா எரர் (சேமித்த தரவில் வந்த பிழை) பூச்சியமாக இருக்கவேண்டும், சாட்டாவில் 5ஆம் வரியும் (கெட்டு மாற்றிய இடங்கள்) 187ஆம் வரியும் (திருத்த முடியாத பிழை) அப்படியே. 199ஆம் வரி (தரவு கடத்தும்போது வந்த பிழை) ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், டிரைவை ஒதுக்கத் தேவையில்லை. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியிலிருந்து வந்ததில் ‘அன்சேஃப் ஷட்டவுன்’ நூற்றுக்கணக்கில் இருக்கும். கரண்ட் போன கணக்கு அது. தனியே அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அழித்த டிரைவை முழுக்க வாசித்துப் பார்ப்பது வீண்வேலை. ட்ரிம் செய்த (காலி என்று டிரைவுக்கு அறிவித்த) இடத்தைக் கேட்டால், டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சேமிப்புச் சிப்பைத் தொடாமலே பூச்சியத்தைத் தந்துவிடும். வேகமும் அபாரமாக இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளால் முழுதும் நிரப்பி, பிறகு சரிபார்க்க வேண்டும். 240 ஜிபிக்கு ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள். வேகம் செக்கனுக்கு 450 மெகாபைட்டில் தொடங்கி 80க்கு இறங்கினால் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பிவிட்டது, மலிவு டிரைவின் இயல்பு. பூச்சியத்தில் நின்று நின்று போனால் வேண்டாம். கள்ளக் கொள்ளளவும் இதிலேயே பிடிபடும்.

அந்த நிரப்பிய கோப்புகளை அழிக்காமல் டிரைவைக் கழற்றி ஒரு கிழமை மேசையில் வையுங்கள். திரும்பப் பூட்டி ‘வெரிஃபை’ மட்டும் ஓடவிடுங்கள். எழுத்தளவு முடிந்த சாதாரண டிரைவ், மின்சாரமில்லாமல் 30 பாகையில் ஒரு வருடம் தரவைத் தாங்கவேண்டும் என்பது சிப் தொழிற்துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். எங்கள் சித்திரை வெயிலில் அறை அதைத் தாண்டும். சூடு கூடக் கூட அந்தக் காலம் சுருங்கும். கடுமையாகத் தேய்ந்தது சிலவேளை ஒரு கிழமையிலேயே முதல்முறையைவிட மெதுவாக வாசிக்கலாம், சிலது பிழையே தரலாம். ஆகவே காசு கொடுக்கும்போதே பத்து நாள் திருப்பும் தவணை கேளுங்கள். மறுக்கிறவரிடம் வாங்கவேண்டாம்.

எம்.2 (போட்டில் நேரே செருகும் சிறு பட்டை வடிவ டிரைவ்) வாங்கும்போது செருகும் முனையிலுள்ள வெட்டைப் பாருங்கள்: இரண்டு வெட்டு என்றால் பொதுவாக சாட்டா, ஒன்று என்றால் என்விஎம்ஈ. 2242 (22 மிமீ அகலம், 42 மிமீ நீளம்) சில போட்டில் திருகு பூட்ட இடமில்லாமல் ஆடும். டிரைவை வெளியே வைத்துப் பூட்டும் சில மலிவு யூஎஸ்பி கவசங்கள் ஸ்மார்ட் விபரத்தை (டிரைவ் தன்னைப் பற்றிப் பதியும் மேற்சொன்ன எண்களை) கடத்தாது. ரியல்டெக் ஆர்டிஎல்9210 சிப் உள்ளது கடத்தும். சாம்சங் 980 புரோவில் 3பி2கியூஜிஎக்ஸ்ஏ7 ஃபேர்ம்வெயார் (டிரைவின் உள்மென்பொருள்) இருந்தால் பிழை எண்ணிக்கை பூச்சியமா என்று பார்த்து, உடனே புதியதை ஏற்றுங்கள். பழையதில் டிரைவ் வாசிக்க மட்டும் விடும் நிலைக்குப் போய்விடும்.

வாங்கிய பிறகு மாதம் ஒருமுறை எழுதிய அளவு, தேய்மான வீதம், பிழை மூன்றையும் கொப்பியில் குறியுங்கள். முதல் இரண்டும் மெல்ல ஏறட்டும். மூன்றாவது பூச்சியத்தைவிட்டு ஏறும் அன்றே பிரதி எடுத்து, அந்த டிரைவைப் படம் பார்க்கும் கணினிக்கு இறக்கிவிடுங்கள்.