பச்சை, மூலிகை, மசாலா: ஐந்து தேநீர்களின் சுவை ஒப்பீடு

நீலகிரிப் பச்சைத் தேயிலை, செஞ்சா எனும் ஜப்பானியப் பச்சைத் தேயிலை, உலர்ந்த துளசி, செம்பருத்தி இதழ், மசாலாத் தேயிலைத் தூள் ஆகிய ஐந்தையும் அருந்தி ஒப்பிட்டதில், முதல் இரண்டுமே என்னை அதிகம் கவர்ந்தன.

பச்சைத் தேநீர் கசக்கும் என்று ஒதுக்குவோர் பலரும் அதைக் கொதிக்கும் நீரில் போட்டுப் பழகியவர்களே. நீரைச் சற்று ஆறவிட்டு, ஏறத்தாழ 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு நிமிடம் மட்டும் இலையை ஊறவைத்து வடிகட்டினால், நீலகிரித் தேயிலையின் மெல்லிய பூமணமும் லேசான துவர்ப்பும் தெளிவாகத் தெரியும். செஞ்சா இலையைப் பறித்தவுடன் நீராவியில் வேகவைப்பதால் அதன் பசுமை மாறுவதில்லை. கடற்பாசியை நினைவூட்டும் வாசனையும், விழுங்கிய பின்னும் நாவில் தங்கும் இனிப்பும் அதற்கே உரியவை. விலை கூடுதல்தான், ஆனாலும் அதே இலையில் இரண்டாம் முறை நீர் ஊற்றியபோதும் சுவை நன்றாகவே இருந்தது.

துளசியிலும் செம்பருத்தியிலும் தேயிலை இல்லை. எனவே காஃபீனும் இல்லை என்பதால் இரவில் அருந்த ஏற்றவை. ஆனால் 'துளசி கிரீன் டீ' என விற்கப்படும் பொட்டலங்களில் தேயிலையும் கலந்திருக்கும். வாங்குமுன் உட்பொருள் பட்டியலைப் படிப்பது அவசியம். செம்பருத்தியின் புளிப்புக்குச் சிறிது தேன் தேவைப்பட்டது.

மசாலாத் தூள் ஏமாற்றமளித்தது. ஏலக்காயையும் இஞ்சியையும் அப்போதே தட்டிப் போட்டுப் பாலுடன் கொதிக்கவிட்ட சாதாரணத் தேநீரின் மணத்துக்கு அது ஈடாகவில்லை.