நேசறியா, மொன்ரிசோரியா, அம்மம்மாவா?

தைப்பூசத்தன்று மகளுக்கு ஏடு தொடக்கிவிட்டு வந்து, பொங்கலை இன்னும் முழுதாகச் சாப்பிட்டு முடிக்கவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டு அன்ரி கேட்டுவிட்டார்: "எங்க விடப்போறியள்?"

பிள்ளைக்கு மூன்றரை வயது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் சனசமூக நிலைய முன்பள்ளி, அதாவது நேசறி. ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் ஆங்கில மொன்ரிசோரி. இரண்டும் வேண்டாம், ஐந்து வயது வரை நானே பார்க்கிறேன் என்று என் அம்மா. இவரும் நானும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் மூன்றையும் நின்று பார்த்துத்தான் முடிவெடுத்தோம்.

முதலில் ஒரு கதையை முடித்துவிடுகிறேன். நல்ல நேசறியில் விட்டால்தான் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கும் என்கிறார்கள். அரச பாடசாலைகளின் தரம் 1 அனுமதிச் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். அயலில் வசிப்பவர்களுக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, அங்கே ஏற்கெனவே படிப்பவர்களின் சகோதரர்களுக்கு 15. பிள்ளை எந்த நேசறியில் படித்தது என்பதற்குப் புள்ளியே இல்லை. வசிப்பிடத்தைக் காட்டும் காணி உறுதிக்கும் வாக்காளர் இடாப்புக்கும் உள்ள மதிப்பு ஆங்கிலப் பாட்டுக்குக் கிடையாது.

மொன்ரிசோரிக்கு ஒரு மாதம் கட்டும் காசில் முன்பள்ளியில் ஒரு வருடம் படிக்கலாம். அதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. மலசலகூடம் பளிச்சென்று இருக்கிறது, கேற் பூட்டியிருக்கிறது, பின்னேரம் நான்கு மணி வரை பிள்ளையை வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த நான்கு மணி பெரிய விசயம். ஆனால் இந்த முறையை உருவாக்கிய மரியா மொன்ரிசோரி 1944இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பிள்ளை தானாகத் தெரிந்தெடுத்துக் கையால் செய்து பழக வேண்டும் என்பதுதான் அவருடைய வழி. நான் போன அன்று ஒரு சின்னவன் நாலுகோட்டுக் கொப்பியில் 'பி' என்ற ஆங்கிலச் சின்ன எழுத்தை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தான். நாலாவது எழுத்து மறுபக்கம் திரும்பி 'டி' ஆகிவிட்டது. ரீச்சர் அதை அழித்து, அவன் கையைப் பிடித்து எழுதவைத்தார். பென்சிலை அழுத்திப் பிடித்ததில் விரல் நுனி வெளிறிப்போயிருந்தது. மொன்ரிசோரி என்ற பெயரை யாரும் பலகையில் எழுதலாம். "நாங்களே அரிவரிக்குப் போய்த்தான் 'அ' எழுதினனாங்கள்" என்றார் அம்மா.

முன்பள்ளி அப்படியே மறுபக்கம். சனசமூக நிலையத்தின் ஒரு பாதியில் பெரியவர்கள் பேப்பர் வாசிக்க, மறுபாதியில் பிள்ளைகள் பாயில் இருந்து புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவிக்கிறார்கள். ஒருத்தி ஒன்பதோடு நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்தவனிடம் ஒன்றைக் கடன் கேட்டாள். அவன் கொடுக்கவில்லை. ரீச்சர் தலையிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ரீச்சரைப் பிடித்துவிட்டது. மலசலகூடக் கதவுக்குத்தான் கொழுக்கி இல்லை. வகுப்பும் பதினொன்றரைக்கு முடிந்துவிடும்.

பிரச்சினை அந்த ரீச்சரின் சம்பளம். இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று பெருமை பேசுகிறோம், அது தரம் ஒன்றில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளது மாகாணத்தின் பொறுப்பு, நடத்துவது ஊர்ச் சங்கம். பெற்றோர் கட்டும் காசும் சின்னக் கொடுப்பனவும்தான் ரீச்சருக்கு வருமானம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளிப் பிள்ளையின் காலை உணவுக்கான காசு 60 ரூபாவிலிருந்து 100 ஆனது. நல்லது, கடலையும் பயறும் கிடைக்கும். ரீச்சரின் கொடுப்பனவில் கூடியது ஆயிரம் ரூபா. யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகளை எடுத்து நடத்தியபோது, அங்கே படிப்பித்தவர்களுக்கு மாகாண ரீச்சர்மாரைவிடப் பல மடங்கு சம்பளம் கிடைத்தது. சின்னப் பிள்ளைகளைப் பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழே விடலாமா என்று சண்டை பிடித்தோம், சரிதான். ஆனால் மற்ற ரீச்சர்மாரின் சம்பளத்தை யாரும் அதே சத்தத்தில் கேட்கவில்லை. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மச்சாளின் மகன் நாலு வயதில் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கே போகிறான், முழுநாள், காசில்லாமல். ஒன்ராறியோவில் அதற்கு நேசறி என்று தனியாகத் தேடவேண்டியதில்லை.

வீட்டில் வைத்திருக்கச் சட்டம் தடையில்லை. கட்டாயக் கல்வி 5 வயதில் தொடங்கி 16 வரை. மேல் எல்லையை 14இலிருந்து உயர்த்தியது 2016இல். அம்மா சுளகில் அரிசி புடைக்கும்போது மகள் கல் பொறுக்குவாள். அதைவிட நல்ல விரல் பயிற்சி எந்த மொன்ரிசோரியிலும் இல்லை. தமிழும் அங்கேதான் ஊறுகிறது. ஆனால் பத்து மணிக்கு அம்மாவுக்கு முழங்கால் உளையத் தொடங்கும், பிள்ளையின் கைக்குப் போன் வந்துவிடும். ஒழுங்கையில் விளையாட இன்னொரு பிள்ளை இல்லை, பாதிப் பேர் வெளிநாட்டில்.

வீட்டையும் வகுப்பையும் எதிரிகளாக நிறுத்துவதே பிழை என்றும் படுகிறது. முன்பள்ளியின் பலனுக்கு எல்லோரும் காட்டும் அமெரிக்க ஆய்வு, 1962இல் மிச்சிகனில் 123 பிள்ளைகளோடு தொடங்கிய பெரி ஆய்வு. அதில் முன்பள்ளிக்குப் போன பிள்ளைகளின் வீடுகளுக்கு ரீச்சர்மார் வாராவாரம் போனார்கள். அந்தப் பகுதியை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முன்பள்ளியில் விட்டோம். பதினொன்றரைக்கு அம்மா போய்க் கூட்டிவருகிறார், வழியில் ரீச்சரோடு கால்மணி நேரம் கதை. கதவுக்குக் கொழுக்கி இவர் வாங்கிப் பூட்டினார். இப்போது ரீச்சர் ஒரு கடையில் காசாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். மாதக் காசைக் கூட்டலாமா என்று கதைக்க ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். பாதிப் பேர் வரமாட்டோம் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.